கணவன் மனைவி கூட்டுக் கணக்கு: கையெழுத்து யாருக்கு, பணம் யாருக்கு?

திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது, இருவரும் கோவையில் வேலைக்குப் போகிறோம், எனக்குக் கைக்கு 42,000 ரூபாய், அவருக்கு 58,000 வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கை மூடிவிட்டு, அவருடைய கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, இரண்டு சம்பளமும் ஒரே இடத்தில் விழட்டும் என்கிறார் கணவர். அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். அடுத்த ஆண்டு கணவர் வேலைக்காக வெளிநாடு போகவும் வாய்ப்பிருக்கிறது. கூட்டுக் கணக்கு நல்லதா கெட்டதா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள்ளே கேட்காமல் கேட்டிருப்பது வேறு: நான் போடும் பணம் என் பணமாகவே இருக்குமா, ஒரு நாள் அவசரமென்றால் அது என் கைக்கு வருமா? கணவர்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்பதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தங்கமான மனிதர் திடீரென்று மருத்துவமனையில் படுத்துவிட்டாலும் இந்த இரண்டு கேள்விகளும் அப்படியே வந்து நிற்கும்.

ஜாயிண்ட் அக்கவுண்ட் என்பது, இந்தக் கணக்கில் யார் யார் பணம் எடுக்கலாம் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து வங்கிக்குக் கொடுக்கும் அனுமதி. அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பணம் யாருடையது என்பதை அது தீர்மானிப்பதில்லை. ‘பேர் சேர்த்தாச்சு, இனிமேல் பாதி உன்னுது’ என்று வீட்டில் சொல்வார்கள்; ‘பேர் இருக்கிறதால உன் காசு அவனுக்குப் போயிடும்’ என்று அப்பா பயப்படுவார். இரண்டுமே சட்டப்படி சரியில்லை. ஆனால் அப்பாவின் பயத்தில் நடைமுறை நியாயம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கணக்குத் தொடங்கும் படிவத்தில், ஆதார், பான், முகவரி எல்லாம் நிரப்பிக் கை ஓய்ந்த இடத்தில், ‘செயல்பாட்டு முறை’ என்று ஒரு வரி வரும். பக்கத்தில் நான்கைந்து சின்னக் கட்டங்கள். பெரும்பாலும் கவுண்டரில் இருப்பவரே ஒரு கட்டத்தில் டிக் போட்டு, ‘இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து’ என்று தள்ளிவிடுவார். அவசரத்துக்குப் பணம் கைக்கு வருமா என்ற உங்கள் கவலையில் முக்கால்வாசி அந்த டிக்கில்தான் இருக்கிறது. ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் எடுக்கலாம். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றால் முதலில் பெயர் எழுதியிருப்பவர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்கலாம். இரண்டாமவர் பெயருக்குத்தான் இருக்கிறார். ‘ஜாயிண்ட்லி’ என்றால் ஒவ்வொரு தடவையும் இருவர் கையெழுத்தும் வேண்டும், அதனால் வழக்கமாக ஏடிஎம் கார்டோ யூபிஐயோ கிடைக்காது. செக்கும் வித்டிராயல் ஃபாரமும்தான். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் இதே விஷயத்துக்கு வேறு பெயர்: இருவரும் சேர்ந்து இயக்குவது ‘ஏ’ வகை, யாரேனும் ஒருவர் இயக்கலாம் என்பது ‘பி’ வகை.

இதில் ஃபார்மர் ஆர் சர்வைவரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘அவருடைய கணக்கில் என் பெயரையும் சேர்ப்பது’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சேர்க்கும்போது அவர் முதல் நபர், நீங்கள் இரண்டாமவர். கட்டம் ஃபார்மர் ஆர் சர்வைவரில் விழுந்தால், உங்கள் 42,000 மாதாமாதம் அதில் போய் விழும், நீங்கள் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. யாரும் திட்டமிட்டு ஏமாற்ற வேண்டியதில்லை. கவுண்டரில் அவசரத்தில் போட்ட டிக்கே போதும். அவர் விபத்தில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று வையுங்கள். உயிரோடு இருப்பதால் ‘சர்வைவர்’ என்ற உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை. கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைத்து, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எடுக்கலாம் என்ற வழி இருக்கிறது. ஆனால் நினைவே இல்லாதவருக்கு அதுவும் உதவாது. நீதிமன்றம் போய்ப் பாதுகாவலராக நியமனம் வாங்கி வரச் சொல்வார்கள். மருத்துவமனை பில்லோ அன்றைக்கே கட்ட வேண்டியது. ஐதர் ஆர் சர்வைவர் என்றிருந்தால் உங்கள் கார்டை மெஷினில் செருகினால் போதும்.

இனி, பணம் யாருடையது? நம் நாட்டில் கணவன் மனைவியின் சம்பாத்தியம் திருமணத்தோடு தானாகப் பொதுச்சொத்து ஆவதில்லை. சில மேலை நாடுகளில் அப்படி உண்டு, இங்கே இல்லை. யார் போட்டாரோ, வேறு எண்ணம் இருந்தது என்று நிரூபிக்கப்படாதவரை, பணம் அவருடையது. இது புதிய விஷயமும் இல்லை. 1928இல், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், ஒரு வழக்கில் இதைத் தீர்த்துச் சொன்னது. கணவர் தன் பணத்தைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து, ‘இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்’ என்று வங்கியில் போட்டிருந்தார். அவர் இறந்த பின், அது மனைவிக்குக் கொடுத்த கொடையா என்று கேள்வி வந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் கணவன் மனைவி பெயரில் போட்டால் கொடை என்ற அனுமானம் உண்டு, இந்தியாவில் அந்த அனுமானம் கிடையாது, பணம் கணவரின் சொத்தாகவே இருந்தது என்று தீர்ப்பானது. குரான் தித்தா வழக்கு என்று வக்கீல்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். உங்களுக்குச் சாதகமாகத் திருப்பிப் படியுங்கள்: நீங்கள் போட்ட சம்பளமும் அதே தர்க்கப்படி உங்களுடையது. பிறந்த வீட்டிலிருந்து வந்த சீதனப் பணத்துக்கு இது இன்னும் உறுதியாகப் பொருந்தும். சீதனம் பெண்ணின் முழுச்சொத்து, கணவருக்கு அதில் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985இலும் 2024இலும் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் சட்டத்தில் உங்களுடையது என்பதும் நாளைக் காலையில் கையில் இருப்பதும் ஒன்றல்ல. அப்பாவின் பயம் நியாயமாவது இங்கேதான். ஐதர் ஆர் சர்வைவர் கணக்கில் ஒருவர் மொத்தத்தையும் துடைத்து எடுத்தாலும் வங்கிமேல் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் கொடுத்த அனுமதிப்படிதான் அது நடந்தது. எடுத்தவரிடமிருந்து திரும்பப் பெற வழக்குதான் போட வேண்டும், கணவன் மனைவி என்பதால் அது குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே எது யார் போட்டது என்று காட்ட வேண்டும். இரண்டு சம்பளமும் ஒரே கணக்கில் விழுந்து, அதிலிருந்தே வாடகை, மளிகை, அவர் தம்பி கல்லூரிக் கட்டணம், உங்கள் அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் போயிருந்தால், ஐந்து வருடம் கழித்து மிச்சமிருக்கும் மூன்று லட்சத்தில் யாருடைய ரூபாய் எது? இந்தக் கேள்விக்கு நிச்சயமான விடை கிடையாது. ஸ்டேட்மெண்ட், நோக்கம், வீட்டு ஏற்பாடு எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி முடிவெடுப்பார். வழக்குக்கு வழக்கு மாறும். பாதிப்பாதி கிடைக்கும் என்றோ போட்ட விகிதத்தில் கிடைக்கும் என்றோ யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

மரணம் வந்தால் என்ன என்பதில் தவறான நம்பிக்கை இன்னும் ஆழமாக இருக்கிறது. ‘சர்வைவர்னு போட்டிருக்கு, எல்லாம் எனக்குத்தான்’ என்பார்கள். வங்கி உங்களிடம் கொடுத்துவிடும், அது உண்மை. இறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாளமும் போதும். ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு முடிந்தது. வாங்கிய உங்கள் பொறுப்பு அப்போதுதான் தொடங்குகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், சமமாகப் பங்கு. கணக்கில் இருந்த ஆறு லட்சமும் கணவர் சம்பளத்தில் வந்தது, உங்களுக்கு ஒரு குழந்தை, மாமியார் இருக்கிறார் என்றால், ஆறு லட்சத்தையும் வங்கி உங்கள் கையில் கொடுக்கும்; அதில் உங்கள் பங்கு இரண்டு லட்சம், குழந்தைக்கு இரண்டு, மாமியாருக்கு இரண்டு. மாமனார் முதல் வகுப்பில் வரமாட்டார். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கு விகிதம் வேறு. நீங்கள் எந்த மதம் என்று எழுதாததால் அந்தக் கணக்குக்குள் போகவில்லை.

நாமினியும் இதே கதைதான். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆள், உரிமையாளர் அல்ல. 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வங்கி டெபாசிட்டைப் பற்றியே இதைச் சொன்னது. கூட்டுக் கணக்கில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: இருவரும் இறந்த பிறகுதான் நாமினிக்கு வேலையே. ஒருவர் உயிரோடு இருக்கும்வரை நாமினி எதுவும் கேட்க முடியாது. ‘நாங்க ரெண்டு பேரும் இருக்கோமே, நாமினி எதுக்கு’ என்று விட்டுவிடாதீர்கள். இருவரும் ஒரே வண்டியில் போகிறவர்கள்தானே. நாமினி இல்லாவிட்டால், வீட்டில் மிஞ்சியவர்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குவதில் தொடங்கி, தொகை பெரிதாக இருந்தால் நீதிமன்றம் வரைக்கும் அலைய நேரும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். வாரிசுத் தகராறு வராமல் இருக்க உண்மையில் உதவுவது உயில். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பணம் பெறப்போகிறவரையே சாட்சியாக வைக்காதீர்கள். முப்பது வயதில் உயிலா என்று தோன்றும். மாமியாரின் பங்கைப் பறிப்பதற்காக அல்ல. அவருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்பதை உயிரோடிருக்கும் மகனே எழுதிவைத்தால், துக்க வீட்டில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

எஃப்டி போடும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. சேமிப்புக் கணக்கில் ஐதர் ஆர் சர்வைவர் என்றால் ஒருவர் கையெழுத்து போதும். அதே டிக் எஃப்டியில் இருந்தால் முதிர்வு நாளில்தான் ஒருவர் போதும். நடுவில் உடைக்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இருவரில் ஒருவர் இறந்து, மற்றவர் நடுவில் உடைக்கப் போனால், இறந்தவரின் மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் வங்கி கேட்கும். இதைத் தவிர்க்க, ‘ஒருவர் இறந்தால் உயிரோடிருப்பவர் முதிர்வுக்கு முன்பே எடுக்கலாம்’ என்று இருவரும் சேர்ந்து ஒரு ஒப்புதலை எழுதிக் கொடுத்துவிடலாம். எஃப்டி போடும் அன்றும் கொடுக்கலாம், பிறகும் கொடுக்கலாம். படிவத்தில் அந்தப் பகுதி கண்ணில் படவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். இறப்பின் காரணமாக உடைத்தால் அபராத வட்டியும் பிடிக்கக் கூடாது. பெரிய தொகை சேர்ந்தால் காப்பீட்டையும் கவனியுங்கள். வங்கி திவாலானால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் பாதுகாப்பு, 2020 பிப்ரவரி முதல் அந்த அளவு. உங்கள் தனிக் கணக்கு, அவருடைய தனிக் கணக்கு, கூட்டுக் கணக்கு மூன்றும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். பெயர் வரிசை மாறிய இரண்டு கூட்டுக் கணக்குகள்கூடத் தனித்தனிதான்.

அன்றாடப் புழக்கத்துக்கு வருவோம். கூட்டுக் கணக்கென்றாலும் இருவருக்கும் தனித்தனி வாடிக்கையாளர் எண், தனித்தனி ஏடிஎம் கார்டு, தனித்தனி நெட் பேங்கிங் வாங்கலாம். ஐதர் ஆர் சர்வைவரில் இது நடைமுறை. யூபிஐயும் அவரவர் போனில், அவரவர் நம்பரில் தனியாக ஓடும். எஸ்எம்எஸ் இருவருக்கும் வருமா என்பது மட்டும் வங்கிக்கு வங்கி மாறுகிறது. சில இடங்களில் முதல் நபரின் நம்பருக்கு மட்டும் போகும். கிளையில் இருக்கும்போதே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். இரண்டு போனும் சத்தம் போட வேண்டும். ஒன்று மட்டும் ஒலித்தால் அங்கேயே இரண்டாவது நம்பரையும் பதியச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் ஒருவர் ‘எங்க போச்சு காசு’ என்று கேட்பதும் மற்றவர் முகம் சுண்டுவதும் பாதிக்கு மேல் இந்த ஒரு குறையால் வருவது.

கூட்டுக் கணக்கு வேண்டாம், ஒருவர் கார்டையும் பின் நம்பரையும் மற்றவருக்குக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். பெங்களூரில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் 2013இல் தன் கார்டைக் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். ஏடிஎம்மில் சீட்டு வந்தது, பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. வங்கியிடம் கேட்டால், பின் நம்பரைப் பகிர்ந்தது விதிமீறல் என்றார்கள். நுகர்வோர் மன்றத்தில் சில வருடம் நடந்து 2018இல் மனு தள்ளுபடியானது. கார்டு கணவரிடம் இருந்தது என்பதற்குக் கேமரா பதிவே சாட்சியானது. ஆன்லைன் மோசடிக்கும் இதே கோடுதான். உங்கள் தவறில்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதி வகுத்தது. ஆனால் பின், ஓடிபியைப் பகிர்ந்ததால் போனது என்று ஆகிவிட்டால், புகார் கொடுக்கும்வரை போனது முழுக்க உங்கள் தலையில். கணக்கைப் பகிராமல் செலவை மட்டும் பகிர வேண்டுமென்றால் 2024இல் வந்த யூபிஐ சர்க்கிள் இருக்கிறது. ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் தன் போனிலிருந்தே, கணக்குக்காரரின் பின் நம்பர் தெரியாமலே செலுத்தலாம்; முழு அனுமதி கொடுத்தால் மாதம் 15,000, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை.

செக் விஷயத்தில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால், கூட்டுக் கணக்கில் பெயர் இருக்கிறது என்பதற்காக உங்கள்மேல் செக் மோசடி வழக்குப் போட முடியாது. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. அபர்ணா ஷா வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. ஆனால் கடனுக்கும் வரிக்கும் இதே நிம்மதி இல்லை. ஒருவருடைய வரி பாக்கிக்காகக் கூட்டுக் கணக்கில் கைவைக்கும்போது, 1961 வருமான வரிச் சட்டத்தின் 226ஆவது பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கும்வரை இருவருக்கும் சரிபாதி என்று எடுத்துக்கொண்டது. அதாவது பணம் உங்களுடையது என்று காட்ட வேண்டிய சுமை உங்களிடம் வந்துவிடும். இப்போது இதைவிட அடிக்கடி நடப்பது சைபர் போலீஸ் முடக்கம். எங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணத்தில் கொஞ்சம், நான்கைந்து கைமாறி, உங்கள் கணவர் பழைய பைக் விற்ற தொகையாக உள்ளே வந்திருக்கும். பாதிக்கப்பட்டவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் கொடுத்ததும், பணம் போன பாதையிலுள்ள கணக்குகளுக்குத் தடை வரும். சில வங்கிகள் சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தும், சில முழுக் கணக்கையும் நிறுத்திவிடும். தீர்வதற்கு எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. இருவருக்கும் இருப்பது அந்த ஒரே கணக்கு என்றால், பால்காரருக்குக் கொடுக்கவும் காசிருக்காது. உங்கள் தனிக் கணக்கை மூடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். கணவன் மனைவிச் சண்டை அதற்கும் பிறகுதான்.

ஆகவே உங்கள் நிலைக்குப் பொருந்துவது மூன்று கணக்கு. இருவர் சம்பளக் கணக்கும் அப்படியே இருக்கட்டும். சம்பளக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது எப்படியும் சிக்கல்தான்: வேலை மாறினால் கம்பெனி வேறு வங்கியைச் சொல்லும், சில மாதம் சம்பளம் விழாவிட்டால் ஜீரோ பேலன்ஸ் சலுகை போய்விடும். வீட்டுச் செலவுக்காக மட்டும் புதிதாக ஒரு கூட்டுக் கணக்கு, ஐதர் ஆர் சர்வைவர். மூன்று மாதச் செலவை எழுதிப் பார்த்து மாதச் சராசரியை எடுங்கள். வாடகை, மளிகை, பால், கேஸ், மின்கட்டணம், வண்டி இஎம்ஐ எல்லாம் சேர்த்து 45,000 என்றால், சம்பள விகிதத்தில் உங்கள் பங்கு 18,900, அவருடையது 26,100. பாதிப்பாதி என்று 22,500 போட்டால் உங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அவருக்கு ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவுதான் போகும். விகிதப்படி பிரிப்பதே நியாயம் என்பது என் கருத்து, சட்டமல்ல. சம்பளம் 30ஆம் தேதி விழுகிறதென்றால் 2ஆம் தேதிக்கு, மாதாமாதம் தானாகப் பணம் மாற்றும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போடுங்கள், இஎம்ஐ, வாடகை எல்லாம் 5ஆம் தேதிக்கு மேல் வரட்டும். இடையில் மூன்று நாள் இல்லாவிட்டால், ஞாயிறோ பண்டிகையோ குறுக்கே வந்த மாதம் ஆட்டோ டெபிட் திரும்பி அபராதம் விழும். கூடவே ஒரு மாதச் செலவு, 45,000, எப்போதும் அசையாமல் அதில் கிடக்கட்டும். அதற்கு மேல் சேர்வதைத் தனித்தனிக் கணக்குக்கே திருப்பிவிடுங்கள். இப்படி இருந்தால் யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு ஸ்டேட்மெண்டே சாட்சி. யாராவது துடைத்து எடுத்தாலும் போவது அதிகம் போனால் இரண்டு மாத வீட்டுச் செலவுக் காசுதான்.

வரி பற்றிச் சுருக்கமாக: கணவர் உங்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி கிடையாது. அந்தப் பணத்தை நீங்கள் எஃப்டியில் போட்டு வரும் வட்டி மட்டும் அவர் வருமானத்தோடு சேரும். கூட்டுக் கணக்கு வட்டி முதல் நபரின் பான் எண்ணில்தான் பதிவாகும். வட்டியில் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸும் அந்த முதல் நபர் பெயரில்தான். அதனால் எஃப்டியில் யார் பணம் அதிகமோ அவர் பெயரை முதலில் போடுங்கள்.

அவர் வெளிநாடு போனால் இந்த ஏற்பாட்டில் ஒரு மாற்றம் வேண்டும், இதைப் பலர் செய்யாமலே காலம் தள்ளுகிறார்கள். வேலைக்காகப் போய் என்ஆர்ஐ, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர், ஆனதும் அவர் இங்கே வைத்திருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக, அதாவது என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வேண்டும். என்ஆர்ஓவிலும், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்ஆர்இ கணக்கிலும், இந்தியாவில் இருக்கும் உறவினரை ஃபார்மர் ஆர் சர்வைவர் முறையில்தான் சேர்க்கலாம். அதாவது அவர் போன பிறகு, அவரை முதல் நபராகக் கொண்ட கணக்கில் நீங்கள் தானாக எடுக்க முடியாது. அவர் பவர் ஆஃப் அட்டர்னி அல்லது வங்கியின் அதிகாரக் கடிதம் கொடுக்க வேண்டும். மறுபக்கம், இந்தியாவில் இருக்கும் நீங்கள் முதல் நபராக வைத்திருக்கும் சாதாரணக் கணக்கில் நெருங்கிய உறவான என்ஆர்ஐயை ஐதர் ஆர் சர்வைவராகச் சேர்க்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆகவே இப்போது திறக்கப்போகும் வீட்டுக் கணக்கில் உங்கள் பெயரை முதலிலும் அவர் பெயரை இரண்டாவதாகவும் எழுதுங்கள். வெளிநாட்டுச் சம்பளம் நேராக இந்தக் கணக்கில் விழக் கூடாது. அவருடைய என்ஆர்இ கணக்குக்கு வந்து, அங்கிருந்து வீட்டுச் செலவுக்கு மாறட்டும்.

மனக்கசப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கூட்டுக் கணக்கிலிருந்து ஒருவர் பெயரை மற்றவர் தனியாக நீக்க முடியாது. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் ‘எங்களுக்குள் தகராறு, இனி ஒருவர் கையெழுத்தில் பணம் கொடுக்காதீர்கள்’ என்று இருவரில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் வங்கிகள் வழக்கமாகத் தனி இயக்கத்தை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு இருவர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால்தான் பணம் நகரும். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் உங்கள் கையையும் சேர்த்தே கட்டும், அதனால் கொடுப்பதற்கு முன் உங்கள் சம்பளம் தனிக் கணக்கில்தான் விழுகிறதா, இஎம்ஐ எதிலிருந்து போகிறது என்று பார்த்துவிடுங்கள். நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாற்றுவது, கார்டைப் பிளாக் செய்வது போன்றவை உங்கள் கார்டை மட்டுமே நிறுத்தும், அவருடையதை அல்ல. பணத்தையே ஆயுதமாக்கும் அளவுக்குப் போய்விட்டால், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவில், கூட்டுக் கணக்கையும் லாக்கரையும் கணவர் இயக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கைக்கூட அந்த உத்தரவில் சேர்க்க முடியும், சீதனமும் அதில் அடங்கும்.

கிளைக்குப் போகும் அன்று இருவரும் சேர்ந்தே போங்கள். ஆதார், பான், புகைப்படம், இரண்டு போன். படிவத்தில் செயல்பாட்டு முறைக்கான டிக்கை நீங்களே போடுங்கள். பாஸ்புக் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் பாருங்கள்: பெயர் வரிசை, செயல்பாட்டு முறை, நாமினி பதிவு, மூன்றும் அங்கே அச்சாகியிருக்க வேண்டும். செயல்பாட்டு முறை விடுபட்டிருந்தாலோ வேறாக இருந்தாலோ, நாளைக்கு வாருங்கள் என்று சொன்னாலும் கிளம்பாமல், திருத்தி மறுபடி அச்சடித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.